மௌனமுற்ற கணிப்பொறியை மீட்கும் முறை

கண்ணால் திரையைக் காண்பவரின் கணிப்பொறி பழுதுற்றால், பழுது இன்னதென்பதைத் திரையே ஓரளவு அறிவித்துவிடுகிறது. நீலத்திரை தோன்றும், எச்சரிக்கை வாசகம் வரும், கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டம் கண்ணிற்படும். பார்வையற்றவருக்கு இந்த வசதி இல்லை. திரையிலுள்ளதைப் பேச்சாக மாற்றித் தரும் மென்பொருள் இயங்கும் வரையில்தான் பொறி அவருடைய ஆளுகையில் இருக்கிறது. அது நின்றுவிட்டால், ஒலிபெருக்கி அடங்கியிருப்பினும், இயங்குதளம் சிதைந்திருப்பினும், பொறி ஒரு சாவி எண்ணைக் கேட்டுக் காத்திருப்பினும், அவருக்கு எட்டுவது மௌனம் ஒன்றே. எல்லாப் பழுதுகளும் ஒரே முகத்துடன் வந்து நிற்கின்றன.

இதனால் ஒரு தீய வழக்கம் வேரூன்றியுள்ளது. பொறி பேசாதபோது பார்வையற்ற ஆசிரியரோ எழுத்தரோ பார்வையுள்ள ஒருவர் வரும்வரை வேலையை நிறுத்தி வைக்கிறார். மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தினால் தீரக்கூடிய பழுதுக்கு ஒரு நாள் வீணாகிறது. அதைவிடப் பெரிய நட்டம், பொறி தம்முடையதன்று என்னும் எண்ணம் அவர் மனத்தில் படிந்துவிடுவதேயாம். ஆயினும் மௌனத்தில் பல நிலைகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் உரிய விசைகள் உண்டு. எந்த நிலையில் பொறி நிற்கிறது என்பதைச் செவியால் அறிந்து, அந்த நிலைக்குரிய விசையைப் பயன்படுத்தும் முறையை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் கற்றுக் கற்பிக்கும் பொருட்டு இப்பாடம் அமைக்கப்பட்டுள்ளது.

திரை வாசிப்பான்

திரை வாசிப்பான் என்பது திரையில் உள்ள எழுத்து, பட்டியல், பொத்தான் முதலியவற்றை இயங்குதளத்திடமிருந்து கேட்டறிந்து, செயற்கைக் குரலாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ வெளியிடும் மென்பொருளாகும். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜிம் தாட்சர் என்னும் கணித அறிஞர் உருவாக்கிய வாசிப்பான் 1986இல் வெளிவந்தது. அந்நாளில் திரையில் பெரும்பாலும் எழுத்துகளே இருந்தன. ஆதலின் அவற்றைப் படித்துக் கூறுதல் ஒப்பளவில் எளிதாயிருந்தது. படங்களும் சாளரங்களும் வந்தபின் பணி கடினமாயிற்று. 1989இல் டாஸ் இயங்குதளத்திற்கென வந்த ஜாஸ் என்னும் வாசிப்பான் பின்னர் விண்டோஸுக்கும் விரிந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 பதிப்பில் நேரேட்டர் என்னும் வாசிப்பானை உடன் சேர்த்தது. ஆப்பிள் நிறுவனத்தின் வாய்ஸ்ஓவர் 2005இல் மேக் பொறிகளில் இடம்பெற்றது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைப்பதாலும், தமிழ் உட்பட இந்திய மொழிகளைப் பேசுவதாலும் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு மிகவும் ஏற்றது.

இங்கு ஓர் அடிப்படை உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். திரை வாசிப்பான் இயங்குதளத்தின் மேல் ஏறி நிற்பது. அடியில் இயங்குதளம் இல்லையெனில் அதற்கு நிலைக்களன் இல்லை. எனவே பொறி விழித்தெழும் வரிசையில் எந்தப் படியில் குரல் பிறக்கக்கூடும், எந்தப் படியில் பிறக்க முடியாது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பொறி விழித்தெழும் நான்கு படிகள்

மின்விசையை அழுத்தியவுடன் இயங்குவது, பொறியின் தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை ஆணைத்தொகுதி. பழைய பொறிகளில் இது பயாஸ் எனவும், புதியனவற்றில் யூ.இ.எஃப்.ஐ. எனவும் பெயர் பெறும். நினைவகம், விசைப்பலகை முதலியவை சரியாக உள்ளனவா என்று இது சோதிக்கிறது. இந்த முதற்படியில் திரை வாசிப்பான் இல்லை. சில பொறிகள் பழுதைச் சீழ்க்கை போன்ற ஒலிகளால் மட்டும் குறிப்பிடும்.

இரண்டாம் படியில், வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதனைத் திறப்பதற்கான சோதனை நடைபெறும். பெரும்பாலான நாட்களில் இது பயனரறியாமலே முடிந்துவிடும். ஐயம் ஏற்பட்டால் மட்டும் பொறி நின்று, மீட்புச் சாவியைக் கேட்கும்.

மூன்றாம் படியில் இயங்குதளம் எழும்; உள்நுழையும் திரை தோன்றும். இங்கிருந்து குரல் கிடைக்கும். இயங்குதளம் எழ இயலாதபோது அதற்குப் பதிலாக மீட்புச் சூழல் எனப்படும் சிறிய இயங்குதளம் எழும். அதிலும் குரல் உண்டு. கடவுச்சொல் ஏற்கப்பட்டபின், பயனர் தாம் விரும்பி நிறுவிய வாசிப்பானுடன் முழு மேசைத்தளமும் திறப்பது நான்காம் படி.

ஆக, பின்னிரண்டு படிகள் பேசக்கூடியவை. முன்னிரண்டு படிகள் பொதுவாகப் பேசாதவை. மீட்புப்பணி முழுவதும் இந்தப் பாகுபாட்டின் மீதே அமைகிறது.

செவியால் நிலையறிதல்

பொறி எந்தப் படியில் உள்ளது என்று அறியச் சில எளிய சோதனைகள் உள்ளன. முதலாவதாக, பொறியின் மேல் கைவைத்து விசிறியின் அதிர்வையும் வெப்பத்தையும் உணர வேண்டும். அதிர்வும் வெப்பமும் இல்லையெனில், மின்சாரமே பாயவில்லையோ என்று மின்கம்பியையும் மின்கலத்தையும் நோக்க வேண்டும். விசிறியில்லாத பொறிகளும் உண்டாகையால் இச்சோதனை ஒன்றைக்கொண்டே முடிவு கட்டலாகாது.

இரண்டாவதாக, ஷிப்ட் விசையை விரைவாக ஐந்து முறை தட்ட வேண்டும். விண்டோஸ் எழுந்திருந்தால், உடல் இயக்கக் குறையுடையோருக்கான ஒரு வசதியைத் தொடங்கலாமா என்று கேட்கும் கட்டம் ஓர் ஒலியுடன் திறக்கும். ஒலி கேட்டவுடன் எஸ்கேப் விசையை அழுத்தி அதனை மூடிவிடலாம். இந்த ஒலி உள்நுழையும் திரையிலும் எழும். இது கேட்டால் பொறி மூன்றாம் படியையோ நான்காம் படியையோ அடைந்துவிட்டது என்பதும், ஒலிக்கருவி வேலை செய்கிறது என்பதும் ஒருங்கே உறுதியாகும். இவ்வசதி முன்னரே அணைத்து வைக்கப்பட்டிருந்தால் ஒலி எழாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள நாளிலேயே ஒருமுறை சோதித்து வைத்தல் நன்று.

மூன்றாவதாக, விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் ஒருங்கே அழுத்தினால், திரைக்கு உருவம் அனுப்பும் இயக்கி புதிதாகத் தொடங்கும். அப்போது ஒரு சிறு ஒலி கேட்கும். உருவ இயக்கி சிக்கித் திரை இருண்டு நிற்கும் வேளையில் இதுவே மருந்துமாகும்.

பேசக்கூடிய படிகளில் நேரும் மௌனம்

சோதனை ஒலி கேட்டும் வாசிப்பான் பேசவில்லையெனில், பழுது பெரும்பாலும் சிறியதே. மீட்கும் வரிசை வருமாறு.

முதலில், என்.வி.டி.ஏ. பேச்சுநிலை தவறுதலாக மாற்றப்பட்டுள்ளதா என்று காண வேண்டும். இன்செர்ட் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால் பேச்சு, மௌனம், வெறும் ஒலி முதலிய நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். விரல் பட்டு இது மாறிவிட, பொறியே கெட்டுவிட்டதென்று எண்ணுவது புதிய மாணாக்கரிடையே எளிதில் நேரக்கூடியது. அவ்விரு விசைகளையும் ஒவ்வொரு முறையாக, இடைவிட்டு அழுத்திப் பேச்சு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, கண்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய மூன்றையும் ஒருங்கே அழுத்த வேண்டும். என்.வி.டி.ஏ. நிறுவப்படும்போது மேசைத்தளக் குறுக்குவழி அமைக்கப்பட்டிருந்தால், இவ்விசைகள் அதனைப் புதிதாகத் தொடங்கும். சிக்கி நின்ற பழைய இயக்கத்தின் இடத்தைப் புதியது எடுத்துக்கொள்ளும்.

அதிலும் பயனில்லையெனில், விண்டோஸ் விசை, கண்ட்ரோல், என்டர் ஆகிய மூன்றையும் அழுத்த வேண்டும். நேரேட்டர் பேசத் தொடங்கும். இது இயங்குதளத்துடன் வருவதாகையால் தனியே நிறுவ வேண்டியதில்லை. உள்நுழையும் திரையிலும் இதே விசைகள் பயன்படும். நேரேட்டர் பேசினால் ஒலிக்கருவி நலமாயுள்ளது, கேடு என்.வி.டி.ஏ.யில் உள்ளது என்பது தெளிவு. அதன் துணைகொண்டே என்.வி.டி.ஏ.யை மீண்டும் நிறுவலாம். ஒரு வாசிப்பானைக் கொண்டு மற்றொன்றைச் சீர்செய்யும் இம்முறை மிகவும் பயனுள்ளது.

இரண்டும் பேசாவிடில் ஒலிப்பாதையை ஆராய வேண்டும். ஒலியைக் கூட்டும் விசையைப் பல முறை அழுத்துக. செவிக்கருவி செருகப்பட்டிருந்தால் பிடுங்குக. எச்.டி.எம்.ஐ. கம்பிவழியாகத் திரையோ ஒளிவீச்சுக் கருவியோ இணைக்கப்பட்டிருந்தால், ஒலி அப்பக்கம் திரும்பியிருக்கலாம். வகுப்பறைகளில் இது நேர்வதுண்டு. யூ.எஸ்.பி. செவிக்கருவி ஒன்றைச் செருகினால், விண்டோஸ் பெரும்பாலும் ஒலியை அதற்கு மாற்றித்தரும்.

இறுதியாக, பொறியை மீண்டும் தொடங்குக. அணைத்துப் பின் ஏற்றுவதும் மீண்டும் தொடங்குவதும் ஒன்றல்ல. விரைவுத் தொடக்கம் என்னும் அமைப்பு உள்ள பொறிகளில், அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்கரு நிலை தட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. பழுதுற்ற இயக்கியும் அவ்வாறே திரும்பி வரலாம். மீண்டும் தொடங்கும் ஆணையே எல்லாவற்றையும் புதிதாக எழுப்புகிறது.

பார்வையுள்ள களப்பணியாளர் கவனிக்க வேண்டிய மாறுபட்ட நிலை ஒன்றும் உண்டு. பொறி நன்கு பேசிக்கொண்டிருக்கும். ஆனால் திரை முழுவதும் கருமையாயிருக்கும். அது பழுதன்று. பிறர் தம் கடிதங்களைப் படித்துவிடாதபடி பயனர் போட்டுக்கொள்ளும் திரைச்சீலை என்னும் வசதி என்.வி.டி.ஏ.யில் உண்டு. பயனரைக் கேளாமல் பொறியை அணைப்பதோ பழுதென்று எடுத்துச் செல்வதோ தவறு.

மீட்புச் சூழலில் குரல்

விண்டோஸ் தொடர்ந்து இருமுறை எழ இயலாமற் போனால், மீட்புச் சூழல் தானாகவே திறக்கும். இயங்கும் பொறியிலிருந்தும் அதனை அடையலாம். ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்தவாறே, மீண்டும் தொடங்கும் ஆணையைத் தேர்ந்தெடுத்தால் போதும். உள்நுழையும் திரையில் டேப் விசையால் மின்பொத்தானை அடைந்தும் இதனைச் செய்யலாம்.

பல ஆண்டுகள் இச்சூழல் பார்வையற்றோருக்கு மூடிய கதவாகவே இருந்தது. 2017இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதற்கொண்டு நேரேட்டர் இங்கும் பேசுகிறது. மீட்புச் சூழல் திறந்தபின் ஒரு நிமிடம் பொறுத்திருந்து, முன் சொன்ன விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் ஆகிய விசைகளை அழுத்த வேண்டும். எனினும் இச்சிறு சூழலில் எல்லா ஒலிக்கருவிகளுக்கும் உரிய இயக்கிகள் இருப்பதில்லை. உள்ளிருக்கும் ஒலிபெருக்கி எழாத பொறிகளில் யூ.எஸ்.பி. செவிக்கருவியைக் கொண்டு முயலலாம்.

குரல் எழுந்தபின், அம்பு விசைகளாலும் டேப் விசையாலும் நகர்ந்து, பழுது நீக்கல் என்னும் பிரிவையும், அதனுள் மேல்நிலைத் தெரிவுகளையும் அடையலாம். தொடக்கப் பழுதைத் தானே ஆராயும் கருவி, அண்மையில் வந்த புதுப்பிப்பை அகற்றும் கருவி, முந்தைய நாளின் நிலைக்கு மீட்கும் கருவி, ஆணைகளைத் தட்டச்சு செய்யும் கட்டம் ஆகியவை அங்கு உள்ளன. ஒரு பட்டியலில் என்டர் அழுத்துமுன் குரல் முழு வாக்கியத்தையும் கூறி முடிக்கும்வரை காத்திருத்தல் இன்றியமையாதது. பொறியைப் புதிதாக்கும் பிரிவில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தெரிவும், அனைத்தையும் அழிக்கும் தெரிவும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவசரத்தில் அழுத்திய ஒரு விசை, ஓராண்டு வினாத்தாள்களை ஒருங்கே அழித்துவிடக்கூடும்.

தொடக்க அமைப்புகள் என்னும் தெரிவை ஏற்றால் பொறி மீண்டும் தொடங்கி, எண்ணிட்ட ஒரு பட்டியலைக் காட்டும். இப்பட்டியலில் குரல் கிடைக்கும் என்று நம்பியிருத்தலாகாது. எண்களை மனப்பாடம் செய்தல் வேண்டும். 4 என்பது பாதுகாப்பு நிலை. இன்றியமையாத இயக்கிகளை மட்டும் கொண்டு விண்டோஸ் எழும். 5 என்பது வலையிணைப்புடன் கூடிய பாதுகாப்பு நிலை. 6 என்பது ஆணைக்கட்டத்துடன் கூடியது. எண்விசைகளுக்குப் பதிலாக எஃப்4, எஃப்5, எஃப்6 விசைகளையும் பயன்படுத்தலாம்.

பேசாத பகுதி

இனி முதலிரண்டு படிகளைக் காண்போம். அடிப்படை ஆணைத்தொகுதியின் அமைப்புப் பக்கத்தையும், எந்தத் தட்டிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியலையும் திறக்கும் தொடக்க விசைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். டெல் பொறிகளில் எஃப்2 அமைப்புப் பக்கத்தையும், எஃப்12 தொடக்கப் பட்டியலையும் திறக்கின்றன. எச்.பி. பொறிகள் பலவற்றில் எஸ்கேப் விசையைத் தட்டியபின் எஃப்10 அமைப்புக்கும், எஃப்9 தொடக்கப் பட்டியலுக்கும் உரியவை. மின்விசையை அழுத்தியவுடன் இவ்விசைகளை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும்.

திறந்த பக்கம் பேசாது. ஆதலின் இங்கு மூன்று துணைகள் உள்ளன. முதலாவது மனப்பாடம்: எத்தனை முறை கீழம்பை அழுத்தினால் யூ.எஸ்.பி. தட்டு வரும் என்பதை ஒரு நாள் பார்வையுள்ளவர் துணையோடு எண்ணிப் பிரெயிலில் குறித்து வைத்தல். புதிய தட்டு செருகப்பட்டால் பட்டியலின் வரிசை மாறக்கூடும் என்பதையும் உடன் குறிக்க வேண்டும். இரண்டாவது கைபேசி: கைபேசியின் ஒளிப்படக் கருவியைத் திரைக்கு நேராகப் பிடித்தால் எழுத்துகளைப் படித்துக் கூறும் செயலிகள் உள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017இல் வெளியிட்ட சீயிங் ஏ.ஐ., கூகுள் நிறுவனத்தின் லுக்அவுட் ஆகியவை அத்தகையன. மூன்றாவது தொலைவிலுள்ள பார்வை: 2015இல் டென்மார்க்கில் தோன்றிய பீ மை ஐஸ் என்னும் செயலி, பார்வையுள்ள தொண்டரைக் காணொலி அழைப்பில் இணைக்கிறது. இத்தகைய அழைப்பில் கடவுச்சொல்லையோ மீட்புச் சாவியையோ காட்டலாகாது.

அமைப்புப் பக்கத்தில் ஐயத்துடன் எதையும் மாற்றாமலிருப்பதே முறை. வழி தவறினால் மின்விசையைப் பத்து நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்துப் பொறியை அணைக்கலாம். சேமிக்கும் ஆணை தரப்படாத மாற்றங்கள் பொதுவாகப் பதிவதில்லை.

இரண்டாம் படியிலுள்ள தடை இன்னும் கடுமையானது. விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இயங்கும் பொறி, தன் உறுப்புகளிலோ தொடக்க முறையிலோ மாற்றத்தைக் கண்டால் 48 இலக்கங்களைக் கொண்ட மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக அமைந்தது. எண்விசைகளுக்குப் பதில் எஃப்1 முதல் எஃப்9 வரை 1 முதல் 9 ஆகவும், எஃப்10 சுழியமாகவும் ஏற்கப்படும். விரலால் எண்ணியறிய மேல்வரிசை விசைகள் சிலருக்கு எளிது.

கணித ஆசிரியர்கள் மகிழத்தக்க ஒரு நுட்பம் இச்சாவியில் அமைந்துள்ளது. ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபடும் எண்ணாகும். எடுத்துக்காட்டாக 135795 என்னும் எண்ணைக் கொள்வோம். ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள இலக்கங்களைக் கூட்டினால், 1, 5, 9 ஆகியவை 15 ஆகின்றன; 3, 7, 5 ஆகியவையும் 15 ஆகின்றன. இரு கூட்டல்களின் வேறுபாடு சுழியம். ஆகவே எண் 11 ஆல் வகுபடும். வேறுபாடு 11ஆகவோ அதன் மடங்காகவோ வரினும் சரியே. அடுத்தடுத்த இரு வேறு இலக்கங்களை இடம்மாற்றி எழுதிவிட்டால் இவ்விதி பொய்த்துப் பிழையைக் காட்டிவிடும். ஆதலின் ஒருவர் படிக்க மற்றவர் பிரெயிலில் எழுதிய சாவியை, பொறியின் துணையின்றியே சரிபார்க்கலாம்.

1919ஆம் ஆண்டில் அல்ல, அண்மையில் 2024 ஜூலை 19ஆம் நாள் நிகழ்ந்ததொன்று இப்பாடத்தின் அவசியத்தை உலகுக்கே உணர்த்தியது. கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பழுதுற்ற புதுப்பிப்பு ஒன்றால், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் எழ இயலாமல் நின்றன. தீர்வு எளியது: பாதுகாப்பு நிலையிலோ மீட்புச் சூழலிலோ நுழைந்து, குறிப்பிட்ட ஒரு கோப்பை அழித்தல். ஆனால் மறையாக்கம் செய்யப்பட்ட பொறிகளில் அதற்கு முன் 48 இலக்கச் சாவி தேவைப்பட்டது. சாவியைக் கையில் வைத்திருந்தவரும், எண் 4இன் பொருளை அறிந்தவரும் தம் பொறியைத் தாமே மீட்கக்கூடியவராயினர். அல்லாதவர் பிறர் வரவை நோக்கியிருக்க வேண்டியதாயிற்று. பார்வையுள்ளோருக்கும் பார்வையற்றோருக்கும் இது பொது.

பிற இயங்குதளங்கள்

மேக் பொறிகளில் கமாண்ட் விசையுடன் எஃப்5 விசையை அழுத்தினால் வாய்ஸ்ஓவர் பேசும். சில விசைப்பலகைகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். மீட்புச் சூழலிலும் இதே விசைகள் பயன்படும். இன்டெல் செயலி கொண்ட மேக்கில், தொடக்கத்தில் கமாண்ட், ஆர் ஆகியவற்றை அழுத்திப் பிடித்தால் மீட்புச் சூழல் திறக்கும். ஆப்பிள் நிறுவனத்தின் சொந்தச் செயலி கொண்டவற்றில் மின்விசையையே, தொடக்கத் தெரிவுகள் தோன்றும்வரை, விடாது அழுத்திப் பிடிக்க வேண்டும்.

லினக்ஸ் வகையில், கினோம் மேசைத்தளத்தில் விண்டோஸ் விசை, ஆல்ட், எஸ் ஆகியவற்றை அழுத்தினால் ஓர்க்கா என்னும் வாசிப்பான் தொடங்கும். டெபியன் இயங்குதளத்தை நிறுவும் தட்டு இத்துறையில் முன்மாதிரியாகத் திகழ்கிறது. தொடக்கப் பட்டியல் தயாரானதும் அது ஓர் ஒலியால் அறிவிக்கும். அப்போது எஸ் விசையையும் பின் என்டரையும் அழுத்தினால், நிறுவும் பணி முழுவதும் குரலுடன் நடைபெறும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் இந்திய இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. விண்டோஸ் முற்றிலும் எழாத பொறியில், ஓர்க்கா உள்ள யூ.எஸ்.பி. தட்டிலிருந்து தொடங்கிக் கோப்புகளைப் படியெடுத்துக் காக்கலாம். மறையாக்கம் உள்ள தட்டுக்கு அப்போதும் சாவி வேண்டும்.

கற்பிக்கும் முறையும் முன்னேற்பாடும்

இவ்வித்தை பழுது நேர்ந்த நாளில் கற்கத்தக்கதன்று. பொறி நலமாயுள்ள நாளில் ஆசிரியர் வேண்டுமென்றே மௌனத்தை உண்டாக்கி மாணாக்கரிடம் பொறியை ஒப்படைக்க வேண்டும். முதல் வகுப்பில் பேச்சுநிலையை மாற்றி வைக்கலாம். அடுத்ததில் ஒலியை வேறு கருவிக்குத் திருப்பலாம். அதற்கடுத்ததில் மீட்புச் சூழலைத் திறந்து நிறுத்தலாம். மாணாக்கர் முதலில் எந்தப் படி என்று வாயால் சொல்ல வேண்டும். பின்னரே விசையைத் தொட வேண்டும். கண்டபடி விசைகளை அழுத்தும் பழக்கத்தை இது தடுக்கும். மீட்புச் சூழலின் பட்டியல்கள் இயங்குதளம் நிறுவப்பட்ட மொழியில் வருமாகையால், ஆங்கிலத்தில் நிறுவிய பொறியாயின் அச்சொற்களைச் செவிக்குப் பழக்கப்படுத்துதல் நன்று. மீட்புச் சூழலிலிருந்து வெளியேறும் வழியை, நுழையும் வழிக்கு முன்னரே கற்பிக்க வேண்டும்.

களப்பணியாளர் ஒரு பொறியைப் பார்வையற்ற பயனரிடம் ஒப்படைக்கும்போது கீழ்க்கண்டவற்றைச் செய்து முடித்தல் வேண்டும்.

1. உள்நுழையும் திரையிலும் என்.வி.டி.ஏ. பேசுமாறு அமைத்து, கண்ட்ரோல், ஆல்ட், என் குறுக்குவழி இயங்குவதை உறுதி செய்தல்.

2. மீட்புச் சூழலைத் திறந்து, அந்தப் பொறியில் நேரேட்டரின் குரல் உண்மையில் கேட்கிறதா என்று சோதித்தல். கேட்கவில்லையெனில் தக்க யூ.எஸ்.பி. செவிக்கருவியைத் தெரிந்து வைத்தல்.

3. மறையாக்கம் இயங்குகிறதா என்று அறிதல். புதிய பொறிகள் பலவற்றில், மைக்ரோசாப்ட் கணக்கைக் கொண்டு உள்நுழையும்போது அது தானாகவே தொடங்கிவிடுகிறது. மீட்புச் சாவி அக்கணக்கிலோ அலுவலகக் கணக்கிலோ சேமிக்கப்பட்டிருக்கும். அதனைப் பயனரின் முன்னிலையில் எடுத்து, பிரெயிலில் எழுதி, 11 ஆல் சரிபார்த்து, பொறியினின்று வேறான இடத்தில் வைக்கச் செய்தல்.

4. பொறியின் தொடக்க விசைகளையும், பட்டியல்களில் அம்பு விசை அழுத்தும் எண்ணிக்கையையும் ஒரு பிரெயில் அட்டையில் குறித்துத் தருதல்.

5. எங்கும் எடுத்துச் செல்லத்தக்க என்.வி.டி.ஏ. படி ஒன்றையும் முக்கியக் கோப்புகளின் படியையும் யூ.எஸ்.பி. தட்டில் வைத்தல்.

6. சாவி பயனருக்கே உரியது என்பதை மறவாமை. உதவியாளரிடமோ அலுவலகத் தலைவரிடமோ மட்டும் சாவியை ஒப்படைத்தால், பூட்டைத் திறக்கும் உரிமையும் அவரிடமே போய்விடுகிறது.

உரிமையும் கடமையும்

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறையுடையோர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் தொழில்நுட்பம் அவர்களுக்கு எட்டக்கூடியதாயிருத்தலை அரசின் கடமையாக்கியது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 17802 என்னும் தரத்தை இதற்கென வகுத்துள்ளது. மின்னணுச் சேவைகளை அடையும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. எனவே பள்ளிகளும் அலுவலகங்களும் பொறி வாங்கும்போது, அதன் வேகத்தையும் விலையையும் மட்டுமின்றி, மீட்புச் சூழலில் அது பேசுகிறதா என்பதையும் சோதித்து வாங்குதல் முறையாகும். பேசாத பகுதியைச் சுருக்குதல் பொறி செய்வோர் கடன். அதுவரை எஞ்சியுள்ள மௌனத்தைக் கடக்கப் பயிற்றுதல் ஆசிரியர் கடன்.

பயிற்சி வினாக்கள்

1. பொறி விழித்தெழும் நான்கு படிகள் யாவை? அவற்றுள் குரல் பிறக்கக்கூடியவை எவை? ஏன்?

2. ஷிப்ட் விசையை ஐந்து முறை தட்டியபோது ஒலி கேட்டது, ஆனால் என்.வி.டி.ஏ. பேசவில்லை. அடுத்துச் செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் கூறுக.

3. நேரேட்டர் பேசுகிறது, என்.வி.டி.ஏ. பேசவில்லை, இதனால் அறியப்படுவது யாது?

4. ஒரு மீட்புச் சாவியின் முதல் தொகுதி 135975 என்று எழுதப்பட்டுள்ளது. அது சரியானதா? கணித்துக் காட்டுக.

5. உங்கள் பள்ளியிலோ அலுவலகத்திலோ உள்ள ஒரு பொறிக்குரிய பிரெயில் அட்டையைத் தயாரித்து, பயனரைக் கொண்டே சோதித்துப் பார்க்க.